கிராஸ்ஹாப்பரும் பச்சை பிடிக்கும் செப்புத் தட்டும்

கல்முனையில் இருக்கிற சிநேகிதன் ஒருவன் போன கிழமை கேட்டான்: “மச்சான், பழைய டமியா கிராஸ்ஹாப்பர் ஒன்று விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டா?” டமியா என்கிற ஜப்பான் கம்பனியின் ரிமோட் விளையாட்டுக் கார் அது. நேரம் பார்த்துத்தான் கேட்டான். அன்று காலையில்தான் என்னுடைய கிராஸ்ஹாப்பரை ஒரு தோணிக்காரர் வாவிக்குள்ளிருந்து துடுப்பால் அள்ளிக் கரையில் போட்டிருந்தார். “வாங்காதே” என்றேன். ஏன் என்று கேட்டான். அரை மணித்தியாலம் பேசியும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1984இல் வந்தது, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின் சில்லு இரண்டும்தான் இழுக்கும், 380 என்கிற சின்ன மோட்டர். இதே அடித்தட்டில் 540 என்கிற பெரிய மோட்டரோடு வந்த கார்தான் ஹோர்னெட். 2005இல் கிராஸ்ஹாப்பரைத் திரும்பவும் விட்டார்கள். என்னுடையது அந்தப் புதுப் பதிப்பல்ல, மாமா 80களில் சவூதியிலிருந்து கொண்டுவந்த பழசு. மட்டக்களப்பு, புளியந்தீவில் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்தபடியால்தான் 2004 சுனாமியில் கடல் எங்கள் கல்லடிக்குள் வந்தபோது தப்பியது. நான் அதைக் கீழே இறக்கி ஐந்து வருடமாகிறது.

திருத்திய கதை பெரிதாக ஒன்றுமில்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் போட்டிருந்த அல்கலைன் பென்டோர்ச் பற்றரி நான்கும் கசிந்து, தகடெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வினாகிரி தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. மஞ்சளாகிப்போன வெள்ளை உடம்புக்கு, சலூனில் முடிக்குப் பூசுகிற பெரொக்சைட் கிறீமைத் தடவி, பொலித்தீனால் சுற்றி வெயிலில் வைத்தேன். மட்டக்களப்பு வெயிலுக்கு இரண்டு பகல் போதும். ஆணி கழட்டுவதில்தான் அழுதேன். ஜப்பான் ஆணித் தலையின் வெட்டு வேறு, நம் வீட்டு ஸ்க்ரூட்ரைவரின் முனை வேறு. அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். மூன்று ஆணியைப் பலி கொடுத்த பிறகுதான் ஜப்பான் வெட்டுக்குப் பொருந்தும் ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கினேன். ரயர்கள் காய்ந்து வெடித்திருந்தன. அவற்றுக்கு ஓடர் கொடுக்க நான் தெரிந்தெடுத்த வருடம் 2022, டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய வருடம். அந்தக் கணக்கு வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

இதெல்லாம் ஒருமுறை செய்தால் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்று இருக்கிறது: மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட் கொன்ட்ரோலர்.

பழைய காரில் அது இலத்திரனியல் சாமான் இல்லை. வட்டமான ஒரு தட்டில் செப்புத் துண்டுகள், அதன்மேல் தேய்த்துக்கொண்டு திரும்பும் ஒரு கை. அந்தக் கையை ஒரு சேர்வோ, அதாவது ரிமோட் சொன்னபடி திரும்பும் குட்டி மோட்டர், இழுக்கும். மெதுவாகப் போகும் படியில் மின்சாரம் ஒரு தடை (ரெசிஸ்டர்) வழியாகச் சுற்றிப் போகிறது, மிச்சமெல்லாம் சூடாகிறது. முழு வேகத்தில் பற்றரியிலிருந்து நேரே மோட்டருக்கு. அவ்வளவுதான் அதன் அறிவு.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் என் வீடு. ஜன்னல் கம்பிக்கே வருடத்துக்கு ஒரு தரம் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிறோம். செப்பு என்ன பாடுபடும்? மூன்று கிழமை சும்மா வைத்தால் தட்டில் பச்சைக் களிம்பு. முதல் படி வேலை செய்யாது, இரண்டாவது படி உதறும், பிறகு திடீரென்று முழு வேகத்தில் பாயும். கழட்டி, மினுக்கி, கிறீஸ் கொஞ்சம் பூசிப் பூட்டினால் இன்னொரு மூன்று கிழமை. மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. ஐந்து வருடமாக நான் கார் ஓட்டிய நேரத்தைவிடத் தட்டு மினுக்கிய நேரம்தான் கூட. டமியாவைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. விளையாட்டுக் காரைக் கல்லடிக் காற்றுக்கு என்று கணக்குப் போட்டு யார் செய்வார்கள்?

மினுக்குவதற்கு அரத்தாள், அழிறப்பர், ஸ்பிறே என்று எல்லாம் பார்த்தேன். கடைசியில் வழி சொன்னது அம்மா. “குத்துவிளக்கை என்னத்தால மினுக்குறம்? புளியாலதானே.” பழப்புளி தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் காயவிட்டதும் தட்டு புதுசு போல வந்தது. கழுவாமல் விட்டால் அடுத்த நாளே பச்சை, அதையும் பட்டுத்தான் படித்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கோடு என் தட்டும் கிணற்றடிக்குப் போகிறது.

“மாமா, இலத்திரனியல் கொன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு விடுங்களன்” என்று மருமகன் எத்தனையோ தரம் சொன்னான். போட்டும் பார்த்தேன். எண்ணெய் விட்டது போல் ஓடியது, இரண்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் நானே கழட்டிவிட்டேன். அந்தப் பழைய கை படி மாறும்போது ‘டிக், டிக்’ என்று கேட்கும், உடனே கார் வெட்டிக்கொண்டு பாய்ந்து பின்பக்கம் துள்ளும். அந்தத் துள்ளலுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பொருந்தும். மெதுமெதுவாகக் கிளம்புகிற கிராஸ்ஹாப்பரை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சரி, வாவிக்குப் போன கதை. இந்த அமைப்பில் மோட்டருக்கு 7.2 வோல்ட் பற்றரி, ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் தனியாக நான்கு பென்டோர்ச் பற்றரி. அன்று வாவிக்கரையில் முழு வேகத்தில் விட்டிருந்தேன், அந்த நான்கும் செத்தன. சேர்வோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கை முழுப் படியில், மோட்டருக்குத் தடையில்லாமல் கரண்ட். ரிமோட்டை என்ன செய்தும் பயனில்லை, கார் நேரே கரையைத் தாண்டிப் போனது. பழைய பற்றரியைப் போட்டது நான்தான். ஆனாலும் இலத்திரனியல் கொன்ட்ரோலர் இருந்திருந்தால் சிக்னல் போனதும் மோட்டர் நின்றிருக்கும். இதை மருமகன் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்க்கிறான், அதுதான் கூடக் கடுப்பு.

ஆகவே மச்சான், வாங்காதே. நீயும் கடற்கரையோரம்தான் இருக்கிறாய். ஆசையாக இருந்தால் 2005க்குப் பிறகு வந்ததில் ஒன்றை எடுத்து, இலத்திரனியல் கொன்ட்ரோலரைப் போட்டு, நிம்மதியாக ஓட்டு.

ஆனால் அந்த ஆளிடம் ஒன்று கேட்டுச் சொல். பெட்டிக்குள் பழைய கொன்ட்ரோலர் கிடக்கிறதா? கிடந்தால், செப்புத் தட்டு பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, அதை மட்டும் எனக்கு எடுத்து வை. காசு நான் தருகிறேன்.