வீடு முதலா, பிள்ளைகள் முதலா?

கொழும்பில் தொடர்மாடி வீடு மாறும் தமிழ்க் குடும்பத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால், இரண்டு யோசனைகளில் ஒன்று கட்டாயம் எழும். பிள்ளைகளை ஊரில் அம்மம்மா வீட்டில் இரண்டு கிழமை விட்டு, பெட்டிகளையெல்லாம் பிரித்துத் திரைச்சீலை வரை மாட்டிய பிறகு கூட்டிவருவது ஒன்று. லொறியில் சாமான் வந்து இறங்கும் நாளிலேயே பிள்ளைகளோடு குடிபுகுந்து, வீட்டை மெல்ல மெல்ல ஒழுங்குசெய்வது மற்றது. இரண்டையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் குடியேறியபோது மூத்தவளுக்கு மூன்று வயது. அவளை யாழ்ப்பாணத்தில் விட்டிருந்தோம். மூன்று ஆண்டுகள் கழித்து வெள்ளவத்தைக்கு மாறியபோது அவளையும் இரண்டு வயது நிறையாத தம்பியையும் முதல் நாளே கூட்டிவந்தோம்.

முதல் வழியின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சாமான் ஏற்றி இறக்கும் நாளில் வாசற்கதவு மணிக்கணக்காகத் திறந்தே கிடக்கும். லிஃப்டும் மாடிப்படியும் கதவுக்கு வெளியே சில அடிகளில் இருக்கும். அறிமுகமில்லாத ஆட்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துபோவார்கள். அந்த நேரத்தில் நடை பழகும் குழந்தையைக் கண்காணிப்பதே ஒருவருக்கு முழுநேர வேலை. பிள்ளைகள் இல்லாவிட்டால் இரண்டு பேர் நான்கு நாளில் முடிக்கும் வேலை, அவர்கள் இருந்தால் பத்து நாளைத் தாண்டும்.

ஆனால் அந்த வழிக்குச் செலவும் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். கொண்டுபோய் விடவும் திரும்பக் கூட்டிவரவும் என்று இரண்டு பயணங்கள். அதைவிடப் பெரிய செலவு கணக்கில் வராதது. எங்கள் மகள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவளுடைய பொம்மைகள்கூட நாங்கள் தீர்மானித்த வரிசையில் நின்றன. அவள் கதிரை நுனியில் விருந்தாளியைப் போல அமர்ந்து, “எப்ப எங்கட வீட்ட போவம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒரு மாதம் வரை, முக்கியமாக இரவில், தொடர்ந்தது.

வெள்ளவத்தையில் நேர்மாறாக நடந்தது. முதல் மூன்று இரவுகள் நால்வரும் ஹோலில் மெத்தைகளைப் போட்டுப் படுத்தோம். வெற்றுப் பெட்டிகள் பிள்ளைகளுக்கு பஸ்ஸாகவும் கடையாகவும் மாறின; தன் உடுப்பு எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்பதை மூத்தவளே தீர்மானித்தாள். கடலோர ரயில் இரவில் கடந்துபோகும்போது இளையவன் திடுக்கிட்டு எழுந்தான் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் எல்லோரும் இருந்ததால் ஒரு கிழமைக்குள் அந்தச் சத்தம் அவனுக்குப் பழகிவிட்டது. பழைய வீட்டுப் போர்வைகளையும் தலையணை உறைகளையும் தோய்க்காமல் அப்படியே விரித்தோம். சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். குழந்தைக்கு அந்த மணம்தான் வீடு.

ஆகவே நான் இரண்டாவது வழியின் பக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அழகுக்கான வேலைகள் பின்னால் வரலாம், ஆபத்தைத் தடுக்கும் வேலைகள் பிள்ளைகளுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். அவற்றில் முதலாவது பல்கனி. பழைய கட்டடங்கள் பலவற்றின் பல்கனிகளில் குறுக்காக ஓடும் கம்பிகள் உள்ளன. பெரியவர்களுக்கு அவை தடுப்பு, மூன்று வயதுப் பிள்ளைக்கோ ஏணி. கிறில் போடுவதென்றால் கம்பிகள் செங்குத்தாக இருக்கவேண்டும். இடைவெளி 10 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் உப்பை நேரே கொண்டுவந்து பூசுவதால், சாதாரண இரும்பு, வண்ணப்பூச்சுக்கு உள்ளேயே, அதுவும் ஒட்டுப்போட்ட மூட்டுகளில், துருவேறத் தொடங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 வகையைவிட 316 வகையே உப்பைத் தாங்கும். விலையும் அதற்கேற்பக் கூடும். கிறிலுக்குப் பதிலாகப் பல்கனியில் கட்டும் வலை மலிவு, ஒரே நாளில் கட்டிவிடலாம், அவசரத்தில் வெட்டியும் விடலாம். ஆனால் நைலோன் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும், கொக்கிகள் சுவரிலிருந்து கழன்றுவரும். சொந்த வீடானால் 316 கிறிலைப் போட்டு, தீப்பிடித்தால் வெளியேறுவதற்குத் திறக்கக்கூடிய சிறு கதவொன்றையும் அதில் வைக்கச் சொல்வேன். வாடகை வீட்டுக்கு வலை போதும், ஆனால் பல்கனிக் கதவின் மேற்பகுதியில் பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஒன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். எதுவானாலும் கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறும் என்பதால், முகாமைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பூட்டியபின் கழற்றச் சொன்னால் காசும் போகும், காப்பும் போகும்.

சுவரிலுள்ள மின் செருகித் துளைகள் அவ்வளவு சிக்கலில்லை. சதுரமுனை 13 அம்பியர் வகையில் துளைகளுக்கு உள்ளேயே மூடி இருக்கிறது. பழைய வட்டமுனைத் துளைகள் பலவற்றில் அது இல்லை, ஆகவே தாழ்வாக உள்ளவற்றை மாற்றிவிடலாம். உயரமான அலுமாரிகளைச் சுவரோடு இறுக்கிவிட வேண்டும்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வருபவர்கள் மறக்கும் விடயம் நுளம்பு. டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரச் சுமார் ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். முட்டைகளோ காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, முன்னிருந்தவர்கள் விட்டுச்சென்ற பூச்சாடித் தட்டுகள், பாவிக்காத மலசலகூடம் ஆகியவற்றை முதல் நாளே தேய்த்துக் கழுவவேண்டும். இந்த நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், பிள்ளையின் பகல் தூக்கத்துக்கும் நுளம்புவலை வேண்டும்.

இவற்றை எப்போது செய்வது என்பதற்கு நம் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானோடு குடிபோவதைப் பிறகொரு நாளுக்கு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. இடையில் கிடைக்கும் அந்த ஒரு கிழமையில் திரைச்சீலைக் கடைக்குப் போகாமல், பல்கனிக்கு வலை கட்டுபவரை வரவழைத்தால் காரியம் முடிந்தது.

தவழும் குழந்தை மட்டும் இருக்கிறது, அல்லது தாய் நிறைமாதமாக இருக்கிறார் என்றால் என் தீர்ப்பு பொருந்தாது. அப்போதுகூடப் பிள்ளையை 400 கிலோமீற்றர் அனுப்புவதைவிட அம்மம்மாவைக் கொழும்புக்கு அழைப்பதே மேல். பஸ்ஸில் ஓர் ஆசனம்தான் செலவு. அவர் ஓர் அறைக்குள் பிள்ளையோடு இருந்துகொள்வார், நாம் மற்ற அறைகளைப் பார்க்கலாம். முற்றமில்லை, கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்ற குறையைத் தினமும் கேட்கவேண்டி வரும். பிள்ளை தூங்கும் நேரத்தில் குசினியைத் தம் விருப்பப்படி அடுக்கிவிட்டும் போவார். அதன்பின் சீனிப் போத்தல் எங்கே என்று யாழ்ப்பாணத்துக்குத்தான் தொலைபேசி எடுக்கவேண்டும்.