மூன்று தலைமுறையோடு நடக்கப் போர்ச்சுகலில் வடக்கா, தெற்கா?

போர்ச்சுகலின் நாட்டுப்புறத்தில் நடக்க வேண்டும் என்று யாரிடம் யோசனை கேட்டாலும் தென்மேற்குக் கடற்கரைக்குத்தான் கை காட்டுவார்கள். அலென்டெஜோவின் செங்குத்துப் பாறைகள், கீழே அட்லாண்டிக், பாறை விளிம்பை ஒட்டியே போகும் மணல் தடம். படத்தைப் பார்த்தாலே கிளம்பத் தோன்றும். தனியாகவோ நண்பர்களுடனோ போகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுபதைக் கடந்த அம்மா, பத்து வயது மகள், நடுவில் நானும் என் கணவரும் என்று மூன்று தலைமுறையாகப் போவதானால் என் வாக்கு வடக்கே இருக்கும் மின்யோ மலைகளுக்கு. இரண்டு பக்கமும் குடும்பத்தோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் தெற்கு. 2012-ல் தொடங்கிய ரோட்டா விசென்டினா என்ற நடைபாதைத் தொகுப்பில் மிகவும் பெயர் பெற்றது மீனவர் பாதை. சாவ் டோர்பெஸ் கடற்கரையில் ஆரம்பித்து லாகோஸ் வரை 200 கி.மீ.க்கும் மேல் நீள்கிறது. மீன் பிடிக்கப் போன உள்ளூர்க்காரர்களின் கால்பட்டு உண்டான தடங்களையே ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். இன்றும் பாறை உச்சியில் நின்று, அடிவயிறு கலங்கும் ஆழத்துக்குத் தூண்டிலை இறக்குகிறவர்களைப் பார்க்கலாம். சார்டாவ் முனைக்கு வசந்தத்தில் போனால் செங்கால் நாரைகள் கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்களின் மேல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். மற்ற இடங்களில் மரத்திலும் கோபுரத்திலும் குடியிருக்கும் பறவை, இங்கே அலை மோதும் பாறையில் வீடு கட்டியிருக்கிறது. இதற்கு ஈடான காட்சி வடக்கே எதுவுமில்லை. இதில் தெற்குக்கே வெற்றி.

சிக்கல் காலடியில் இருக்கிறது. போர்ட்டோ கோவோவிலிருந்து விலா நோவா டி மில்ஃபோன்டெஸ் வரை 20 கி.மீ. அதில் பெரும்பகுதி உதிரி மணல். ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும், பின்னங்கால் சதை இழுக்கும். வழியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை, குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, பல இடங்களில் பாதை விளிம்புக்கு மிக அருகே போகிறது. அம்மா முதல் ஒரு மணி நேரத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் நாள் முழுவதும் மகளின் கையை விடவில்லை. அன்று எங்களுக்குள் நடந்த பேச்சைத் திரட்டினால் "பார்த்து வா", "ஓரமாகப் போகாதே", "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பதற்கு மேல் அதிகம் தேறாது. அழகான இடத்தில் குடும்பமாக இருந்தோம், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இந்தக் குறையை எந்தப் பயணக் குறிப்பும் சொல்வதில்லை.

மில்ஃபோன்டெஸிலிருந்து அல்மோக்ராவ் வரையிலான 15 கி.மீ. ஓரளவு பரவாயில்லை. மீரா ஆற்றைச் சிறு படகில் கடந்துவிட்டால் பாலத்தைச் சுற்றும் தூரம் மிச்சம், குழந்தைகளுக்குப் படகே கொண்டாட்டம். பருவம் பார்த்துத்தான் படகு ஓடும், முன்கூட்டி விசாரித்துவிடுங்கள்.

தெற்கில் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது கடற்கரையை அல்ல, அதே தொகுப்பில் உள்நாட்டுப் பக்கமாகப் போகும் வரலாற்றுப் பாதையை. கெட்டியான மண் பாதை, இடையிடையே கிராமங்கள், இரு மருங்கும் தக்கை மரங்கள். உலகின் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்துதான் வருகிறது. கோடையில் பட்டையை உரித்தபின் அடிமரம் செங்காவி நிறத்தில் மின்னும். அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. 4 என்றால் 2024. மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டு பொறுக்க வேண்டும். என் மகள் விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "2033-ல்தான் அடுத்தது, அப்போது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பேன், பாட்டி" என்றாள். அதன்பின் வழியிலிருந்த மரங்களுக்கெல்லாம் கணக்குத்தான். நட்ட மரத்தில் முதல் பட்டை உரிக்கவே 25 ஆண்டு ஆகும், புட்டிக்கு அடைப்பான் செய்யத் தகுந்த நல்ல தக்கை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும். நடுகிறவர் பேரப்பிள்ளைகளை நினைத்துத்தான் நடுகிறார். இதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தாத்தா நட்ட புளிய மரங்களைப் பற்றி நான் அதுவரை கேட்டிராத கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். படங்களில் எடுபடாத பாதை என்பதால் கூட்டமும் குறைவு.

இனி வடக்கு. நான் சொல்லும் மலைகள் இருப்பது பெனேடா-ஜெரெஸ் பூங்காவில். போர்ச்சுகலின் ஒரே தேசியப் பூங்கா இது, 1971-ல் அறிவிக்கப்பட்டது. பூங்கா என்ற சொல்லை நம்பி ஆளில்லாத காட்டை எதிர்பார்க்கக் கூடாது. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, உழவும் மேய்ச்சலும் இன்றும் நடக்கின்றன. குட்டையான கரானோ குதிரைகள் மலையில் அவிழ்த்துவிட்டபடி திரியும். நீண்ட கொம்புடைய சிறிய கஷேனா மாடுகள் பாதையை மறித்துப் படுத்திருக்கும், நாம்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

சோஆஜோ ஊரின் விளிம்பில் ஒரு பெரிய கருங்கல் பாறை. அதன் மேல் 24 கல் களஞ்சியங்கள் வரிசை கலைந்து நிற்கின்றன. எஸ்பிகெய்ரோ என்று பெயர். மக்காச்சோளக் கதிர்களைக் காயவைத்துச் சேமிக்கும் இடம். தூண்களின் மேல் அகலமான கல்லை வைத்து அதற்கு மேல் அறையைக் கட்டியிருக்கிறார்கள். எலி தூணில் ஏறினாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. பக்கச் சுவர்களில் காற்று புகக் குறுகிய இடுக்குகள், கூரையின் மேல் சிலுவை. இவற்றில் பழையது 1782-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவை நிற்கும் பாறைதான் கதிரடிக்கும் களம், அது ஊருக்குப் பொது. பக்கத்தில் லிண்டோசோவில், கோட்டையின் காலடியில் இதே போல ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. எண்ணிக்கையில் லிண்டோசோ பெரிது, ஆனால் சோஆஜோவில் களஞ்சியங்களிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஊர்ச் சதுக்கம், காபிக் கடை, சிரித்த முகம் செதுக்கிய பழைய கல்தூண் எல்லாம் வந்துவிடும். வயதானவர்களுக்கு அந்தச் சில நிமிட தூரம் பெரிய விஷயம்.

அங்கேதான் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் கால்டோ வெர்டே சூப்புக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். அகன்ற கோஸ்கீரை இலைகளைச் சுருட்டுப் போல இறுக்கிச் சுற்றி, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து இழுத்து, நூல் நூலாகச் சீவினார். அம்மா நின்றுவிட்டார். "இவ்வளவு மெலிதாக எப்படி அக்கா வருகிறது?" என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பாட்டி போர்ச்சுகீசிய மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லி, தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இருவருக்கும் அடுத்தவர் சொல்வது ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் கிளம்பும்போது அம்மாவின் கையில் ப்ரோவா என்கிற கனத்த சோள ரொட்டி பாதி இருந்தது. நடந்தது அன்று வெறும் மூன்று கி.மீ. வீட்டில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது அந்த நாள்தான்.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்த மலைக் கிராமங்களே குடும்பப் பிரிவையும் சேர்க்கையையும் சுமந்து நிற்பவை. காஸ்ட்ரோ லபோரெய்ரோ ஊரில் முன்பெல்லாம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீடு: குளிருக்குப் பள்ளத்தாக்கில் ஒன்று, கோடைக்கு மேட்டில் ஒன்று. மாடு, நாய், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் கிறிஸ்துமஸை ஒட்டிக் கீழே இறங்கி, ஈஸ்டரை ஒட்டி மேலே ஏறுவார்கள். 1960-களில் போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சியும், ஆப்பிரிக்கக் காலனிகளில் அது நடத்திய போர்களும், வறுமையும் சேர்ந்து நெருக்க, இப்பகுதி இளைஞர்கள் பெருங்கூட்டமாகப் பிரான்சுக்குப் போனார்கள். ஆவணமில்லாமல் மலை வழியே எல்லை கடந்தவர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆகஸ்டில் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். பிரெஞ்சு எண்பலகை போட்ட கார்கள் தெருவை அடைத்து நிற்கும். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சி நெஞ்சில் தைக்கும்.

விலாரின்யோ ட ஃபூர்னாவின் கதை இன்னும் கனமானது. 1970-களின் தொடக்கத்தில் அணை நீரில் மூழ்கிய ஊர். நீர் வற்றும் ஆண்டுகளில் வீட்டுச் சுவர்களும் வேலிக் கற்களும் வெளியே தெரியும். கூட்டாக மாடு மேய்த்து, கூடிப் பேசி ஊர் முடிவுகளை எடுத்த சமூகம் அது. அருகில் காம்போ டோ ஜெரெஸில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நடைக்கு முன் அங்கே போய்விட்டு வந்தால், நீர்த்தேக்கத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

சாப்பாட்டில் தெற்குதான் நமக்கு நெருக்கம். அலென்டெஜோக்காரர்கள் கொத்தமல்லியும் பூண்டும் தாராளமாகப் போடுகிறார்கள். இரண்டையும் இடித்து, ஆலிவ் எண்ணெயும் வெந்நீரும் ஊற்றி, பழைய ரொட்டியைப் போட்டு, மேலே முட்டை வைத்துத் தரும் அசோர்டாவை அம்மா விரும்பிச் சாப்பிட்டார். சில கடைகளில் மீன் வேகவைத்த நீரை ஊற்றுவார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். வடக்கே கால்டோ வெர்டேயில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். அதை வேண்டாமென்றாலும் சில சமயம் குழம்பே இறைச்சியோடு கொதித்திருக்கும்.

டூரோ பள்ளத்தாக்கை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட திராட்சைப் பிரதேசம், 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், மலைமலையாகப் படிக்கட்டுத் தோட்டங்கள். ஆனால் சரிவு கடுமை, கோடை வெயில் அதைவிடக் கடுமை. போர்ட்டோவிலிருந்து ஆற்றோரமாக ஓடும் ரயிலில் பின்யாவ் வரை போய், நிலையத்தின் நீலவண்ண ஓடுகளைப் பார்த்துத் திரும்பினால் குடும்பத்துக்குப் போதும். பாய்வா ஆற்றோர மரப்பாலப் பாதைக்கு நான் அழைத்துப் போக மாட்டேன்: ஏகப்பட்ட படிகள், வழியில் பேச ஓர் ஊர்க்காரர்கூட இல்லை.

பருவம் முக்கியம். தெற்குக்கு மார்ச் முதல் மே வரை, வெள்ளை எஸ்டேவா பூக்கள் மலர்ந்திருக்கும்போது. வடக்குக்கு மே இறுதி, ஜூன், செப்டம்பர். போர்ச்சுகலிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஜெரெஸும் ஒன்று, குளிர்காலத்தில் பெரியவர்களோடு போவது வீண். குறுந்தூரத் தடங்களில் மஞ்சள், சிவப்புக் கோடுகள் வழி சொல்லும், பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதைத் தேடிச் சொல்லும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் என் தீர்ப்பு மாறும்: கார். சோஆஜோ பக்கம் பஸ் அரிது, சொந்தமாகவோ வாடகைக்கோ வண்டி இல்லாமல் பெரியவர்களோடு போகவே வேண்டாம். வண்டி ஓட்ட ஆளில்லை என்றால் லிஸ்பனிலிருந்து பஸ் ஏறி மில்ஃபோன்டெஸில் இறங்குங்கள். ஊர் ஊராக மாறாமல் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, காலையில் மட்டும் நடந்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.