ஒரு அடி தொட்டியா, ரெண்டு அடி தொட்டியா? முதல் தடவை மீன் வளக்குறவங்களுக்கு

முதல் தடவை மீன் வாங்கப் போற முக்காவாசிப் பேர் கேக்குறது இதுதான், சின்ன தொட்டில ஆரம்பிச்சு கை பழகினதும் பெருசுக்குப் போகலாமா, இல்ல எடுத்ததுமே ரெண்டு அடி வாங்கிடலாமா. நான் ஒரு அடி தொட்டிலதான் ஆரம்பிச்சேன், எட்டு மாசம் ஓட்டினேன், அப்புறம் ரெண்டு அடிக்கு மாறி இப்ப நாலு வருஷம் ஆகுது. என் ஓட்டு ரெண்டு அடிக்குத்தான், அதை முதல்லயே சொல்லிடுறேன். சின்ன தொட்டிதான் சுலபம்னு எல்லாரும் நம்புறாங்க, நானும் நம்பினேன், ஆனா பராமரிப்புல அது அப்படியே தலைகீழ்.

உருண்டை கண்ணாடி பௌல் பத்தி ரெண்டே வரி. வாய் குறுகி இருக்குறதால காத்து படுற பரப்பு கம்மி, ஒழுங்கா ஃபில்டர் வைக்க இடமில்ல, அதனால அதை இந்தப் பேச்சுலயே சேக்கல.

அளவை முதல்ல பாத்துடலாம். என்கிட்ட இருக்குற ஒரு அடி தொட்டி 30 × 20 × 25 சென்டிமீட்டர், விளிம்பு வரைக்கும் ஊத்தினா 15 லிட்டர். அடியில கல்லு, மேல ரெண்டு விரல் இடம் விட்டா உள்ள நிக்கிறது 12 லிட்டர்தான். ரெண்டு அடி தொட்டி 60 × 30 × 30, கணக்குக்கு 54 லிட்டர், நிஜத்துல ஒரு 45. நீளம் ரெண்டு மடங்குதான், ஆனா தண்ணி கிட்டத்தட்ட நாலு மடங்கு, இந்த நாலு மடங்குலதான் எல்லா விஷயமும் இருக்கு.

இடம், எடை எல்லாம் சட்டுனு முடிச்சுக்கலாம். ஒரு அடி தொட்டி மேஜை ஓரத்துல உக்காந்துக்கும். ரெண்டு அடி தொட்டி தண்ணி, கல், கண்ணாடி எல்லாம் சேத்து 60 கிலோவுக்கு மேல போகும், ஆடாத ஸ்டாண்டு வேணும், அடியில தெர்மகோல் ஷீட் போடணும், தண்ணி ஊத்தினப்புறம் நகத்தவே கூடாது. வெயில் நேரா விழுற ஜன்னல் ஓரம் ரெண்டுக்கும் ஆகாது, பாசி புடிச்சிடும். அவ்ளோதான்.

இப்ப தண்ணி. மீன் சாப்பிட்டது செரிச்சு அம்மோனியாவா செவுள் வழியாவே வெளிய வருது, சாப்பிடாம அடியில கிடந்து அழுகுற தீனியும் அம்மோனியாதான் ஆகுது. ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவதை மீன் கொஞ்சம் பொறுத்துக்கும், அதை நாமதான் தண்ணி மாத்தி வெளிய எடுக்கணும். இந்த பாக்டீரியா தேவையான அளவு வளர 4லருந்து 6 வாரம் ஆகும், சைக்கிளிங்னு சொல்றது இதைத்தான். சின்ன தொட்டின்னா சீக்கிரம் முடிஞ்சிடும்னு நெனைக்காதீங்க, தொட்டி சின்னதா இருக்குறதால பாக்டீரியா வேகமா வளராது. ஏற்கனவே ஓடிட்டு இருக்குற ஆரோக்கியமான தொட்டிலருந்து பாக்டீரியா ஒட்டியிருக்குற ஒரு துண்டு ஃபில்டர் ஸ்பாஞ்ச் கெடச்சா மட்டும் இந்த நாள் நல்லாவே குறையும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க, நான் இதைப் போட்டுப் பாத்த அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. கையில ஒரு சிட்டிகை அதிகமா விழுந்து அரை கிராம் தீனி மிஞ்சிப் போச்சுன்னு வைங்க. டப்பாவுல 45 சதவீதம் புரோட்டீன்னு போட்டிருந்தா அதுல சுமார் 225 மில்லிகிராம் புரோட்டீன், புரோட்டீன்ல 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 36 மில்லிகிராம். அது முழுசும் அம்மோனியாவா மாறினா 12 லிட்டர்ல லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரும், 45 லிட்டர்ல 0.8தான் வரும். தண்ணில அம்மோனியா எவ்ளோன்னு நெறம் மாறிக் காட்டுற டெஸ்ட் கிட்ல 0.25 காட்டினாலே நான் தண்ணி மாத்த வாளியைத் தூக்கிடுவேன். அதே கை, அதே சிட்டிகை, ஒரு தொட்டில மீன் தாங்கிடும், இன்னொண்ணுல விடியக்காலைல மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்கும். தண்ணியோட பிஎச் 7ல இல்லாம 8ல இருந்தா அதே அம்மோனியாவுல விஷமா இருக்குற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு, இதையும் சேத்துக்கங்க.

அந்தக் காலைல நான் பாத்ததைச் சொல்றேன். ஒரு அடி தொட்டில ரெண்டு குட்டி கோல்டு ஃபிஷ், ஒவ்வொண்ணும் கட்டைவிரல் நீளம்தான், வாங்குன கடையில "இதுக்கு இந்தத் தொட்டி தாராளம்"னு சொல்லித்தான் குடுத்தாங்க. மூணாவது வாரம், ரெண்டும் தண்ணி மட்டத்துல மூக்கை வெச்சுட்டு அசையாம நிக்குது, வால்ல மெல்லிசா சிவப்பு நரம்பு ஓடுது, செவுள் படபடன்னு அடிக்குது. தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு, அதுதான் இதுல கொடுமை, கண்ணால பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்ட் கிட்ல மஞ்சளா நிக்க வேண்டியது கரும்பச்சையா வந்துச்சு. பாதித் தண்ணி மாத்தி ஒண்ணைக் காப்பாத்தினேன், இன்னொண்ணு சாயங்காலம் போயிடுச்சு. இன்னிக்கும் அதை நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா அந்த மீன் மேல எந்தத் தப்பும் இல்ல.

தண்ணி மாத்துறதுதான் வாராவாரம் நாம செய்யப் போற வேலை, அதனால இதை வெச்சுத்தான் தொட்டியை முடிவு பண்ணணும்னு நான் சொல்வேன். ஒரு அடி தொட்டில நான் வாரத்துக்கு ரெண்டு தடவை பாதிப் பாதி மாத்தினேன், தடவைக்கு 6 லிட்டர், மொத்தம் 12. ரெண்டு அடி தொட்டில வாரத்துக்கு ஒரே தடவை கால் பங்கு, 11 லிட்டர் சொச்சம். கவனிச்சீங்களா, தூக்குற தண்ணி ரெண்டுக்கும் ஒரே அளவுதான், ஒரு வாளி! ஆனா சின்னதுல ரெண்டு நாள் ட்யூப் போட்டு உறிஞ்சணும், ரெண்டு நாள் குளோரின் போக்குற மருந்து கலக்கணும், ரெண்டு நாள் தரை தொடைக்கணும், அதுலயும் பாதித் தண்ணி ஒரேயடியா மாறும்போது சூடு ரெண்டு டிகிரி முன்ன பின்ன ஆனா மீனுக்கு அதிர்ச்சி. பெருசுல கால் பங்குதான் மாறுது, புதுத் தண்ணி லேசா சில்லுன்னு இருந்தாலும் கலந்து போயிடும்.

ஒரு வாரம் தவறிட்டா? அங்கதான் வித்தியாசம் இன்னும் பளிச்சுனு தெரியும். போன வருஷம் எனக்கு காய்ச்சல் வந்து பத்து நாள் தொட்டிப் பக்கமே போகல, ரெண்டு அடி தொட்டில நைட்ரேட் கொஞ்சம் ஏறினதோட சரி, ஒரு மீனும் சோர்ந்து போகல. ஒரு அடி தொட்டிய அப்படி விட எனக்கு தைரியம் வராது.

ஃபில்டர் விஷயத்துல ரெண்டுக்கும் ஏர் பம்ப்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். அதைக் குழாய்த் தண்ணில கழுவாதீங்க, குளோரின் பட்டா அத்தனை வாரம் வளத்த பாக்டீரியா செத்துடும், மாத்துறதுக்காக எடுத்த தொட்டித் தண்ணிலயே ரெண்டு பிழி பிழிஞ்சு திரும்ப வெச்சுடுங்க.

இனி எதுல என்ன மீன். ஒரு அடி தொட்டில மனசாட்சியோட விடக்கூடியது ஒரே ஒரு ஃபைட்டர் (பெட்டா மீன்), அதுக்கும் 20 லிட்டர் இருந்தா நல்லது, 12ங்கிறது இழுத்துப் புடிச்ச அளவுதான். ஃபைட்டருக்கு மேல வந்து காத்தை நேரா எடுத்துக்குற உறுப்பு இருக்கு, அதனால ஆக்சிஜன் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும், ஆனா அம்மோனியாவை அதுவும் தாங்காது. கப்பி சின்ன மீன்தானேன்னு ஜோடி ஜோடியா விட்டீங்கன்னா நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் கப்பி இருபது முப்பது குட்டி போடும், ஆணைப் பிரிச்சு வெச்சாலும் மாசக்கணக்கா போட்டுட்டே இருக்கும், 12 லிட்டர் எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே யோசிங்க. கப்பி வேணும்னா ரெண்டு அடில ஆண் மட்டும் எட்டு பத்து விடுங்க, அழகும் அதுங்கதான்.

ரெண்டு அடில நான் இப்ப வெச்சிருக்குறது எட்டு செர்ரி பார்ப், அடி மணல்ல மேயுற சின்ன மீசை மீன் பாண்டா கோரி ஆறு. செர்ரி பார்ப் இலங்கை ஓடைகள்ல வாழ்ற மீன், வளந்தாலும் 5 சென்டிமீட்டர்தான், செடி நெறைய இருந்தா ஆண் மீன் அடர் சிவப்புக்குப் போகும், பாத்துட்டே இருக்கலாம். கோரிக்கு கூரான கல் ஆகாது, மீசை தேஞ்சு போயிடும், மெல்லிசு மணல் போடணும். அது திடீர்னு விருட்டுனு மேல ஏறி ஒரு வாய் காத்து குடிச்சுட்டு இறங்கும், பயப்படாதீங்க, அதோட பழக்கமே அதுதான். நியான் டெட்ராவும் இந்த அளவுக்குப் பொருந்தும், பத்துக்குக் கம்மியா வாங்காதீங்க, ஆனா தொட்டி ஓடி ரெண்டு மூணு மாசம் ஆனப்புறம் விடுங்க, புதுத் தொட்டி அதுக்கு ஒத்துக்காது.

எதை விட்டாலும் ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டிடாதீங்க. முதல்ல நாலஞ்சு, ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ணிப் பாத்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துல நின்னா அடுத்த நாலஞ்சு. மீன் எவ்ளோ இருக்கோ அந்த அளவுக்குத்தான் பாக்டீரியாவும் வளந்திருக்கும்.

ரெண்டு அடிக்கும் சேராத மீன் இருக்கு. கோல்டு ஃபிஷ் பெருசாகுற மீன், உருண்டை வகையே 15 சென்டிமீட்டருக்கு மேல போகும், கழிவும் ஜாஸ்தி. கண்ணாடி சுத்தம் பண்ணும்னு சொல்லிக் குடுக்குற சக்கர் மீன் ஒரு அடிக்கும் மேல வளரும். ஏஞ்சலுக்கு உயரம் வேணும், வளந்தா நியானை முழுங்கிடும். டைகர் பார்ப் நீள வால் இருக்குற மீனைக் கடிச்சே கிழிச்சிடும். ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒரு இஞ்ச் மீன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது குட்டி மீனுக்கு ஏதோ ஓடும், நீளம் ரெண்டு மடங்கானா மீனோட எடை எட்டு மடங்கு ஆகுறதால பெரிய மீன்கிட்ட அந்தக் கணக்கு நிக்காது.

அப்ப மூணு அடி? நான் சொந்தமா வெச்சதில்ல, அக்கா வீட்டுத் தொட்டிய அவங்க வெளியூர் போறப்ப பாத்துக்கிட்ட அனுபவம் மட்டும்தான், அதனால அடிச்சு சொல்ல மாட்டேன். தண்ணி இன்னும் நிதானமா இருக்குறது உண்மை, ஆனா கால் பங்குங்கிறதே மூணு வாளி, ஆரம்பத்துலயே அந்த உழைப்பு சிலருக்கு சலிச்சுப் போகலாம்னு தோணுது. இடமும் தெம்பும் இருந்தா தாராளமாப் போங்க. எந்த அளவா இருந்தாலும் உயரமா நிக்கிறதைவிட நீளமா படுத்திருக்குற தொட்டியா எடுங்க, அதே லிட்டருக்கு காத்து படுற பரப்பு ஜாஸ்தி, மீனும் நீந்துறது பக்கவாட்டுலதான்.

அந்தப் பழைய ஒரு அடி தொட்டிய நான் தூக்கிப் போடல. புதுசா வர்ற மீனை மூணு வாரம் தனியா வெச்சுப் பாக்க அதுதான், சும்மா இருக்குற நாள்ல அதோட ஸ்பாஞ்ச் பெரிய தொட்டி மூலைல ஓடிட்டு இருக்கும், தேவைப்படும்போது எடுத்து மாட்டினா போதும். போன மாசம் வாங்கின ரெண்டு கோரில ஒண்ணுக்கு அஞ்சாவது நாள் துடுப்புல உப்புத் தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துச்சு, அதுல வெச்சே வைத்தியம் பாத்தேன், இப்ப ரெண்டும் பெரிய தொட்டில மத்ததுங்களோட மணலைக் கிளறிட்டு இருக்கு.