ரோஸ் 2 லாஞ்ச் ஆர்க்யுமென்ட்: மூன்று வருடம் தட்டிப் பார்த்த பின்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம், கரும்பு வரிசைகளுக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ரோபோவில் மூன்று வருடமாக வேலை. ரோபோ மென்பொருள் கட்டமைப்பான ரோஸ் 2-இன் ஹம்பிள் பதிப்பு, எல்லா நிரல்களையும் சேர்த்துக் கிளப்பும் லாஞ்ச் ஃபைல் எல்லாம் பைத்தானில். சிமுலேஷனுக்கும் நிஜ வண்டிக்கும் ஒரே ஃபைல்தான். எது மாற வேண்டுமோ அதை லாஞ்ச் ஆர்க்யுமென்டாகக் கமாண்ட் லைனிலேயே சொல்லிவிடுவோம்: பெயர், கோலன், ஈக்குவல், மதிப்பு, நடுவில் இடைவெளி இல்லாமல். 2023-இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல தடவை எல்லாவற்றையும் மறுபடி கிளப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து திருத்தியிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஆனால் ஒரு குறை இன்னும் உறுத்துகிறது. ஆர்க்யுமென்ட் பெயரைத் தப்பாக அடித்தால் லாஞ்ச் வாயே திறக்காது.

ஒரு நாள் வயலில் 'யூஸ்_சிம்_டைம்:=ஃபால்ஸ்' (சிமுலேட்டர் கடிகாரம் வேண்டாம்) என்று அடிப்பதற்குப் பதில் நடுவில் ஓர் அடிக்கோட்டை விட்டுவிட்டேன். எங்கள் ஃபைலில் டிஃபால்ட் ட்ரூ. லாஞ்ச் ஓடியது, எரர் எதுவும் இல்லை, லேசரால் தூரம் அளக்கும் லைடார் சுற்றியது, வண்டி மட்டும் அசையவில்லை. சிமுலேட்டர் கடிகாரத்துக்காக நோடுகள் (ரோபோவை ஓட்டும் தனித்தனி நிரல்கள்) காத்திருந்தன. சிமுலேட்டரே இல்லாத இடத்தில் நேரம் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது, டைமர்களும் ஓடவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் எங்கள் டெக்னீஷியன் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, தூங்குதா?" என்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழையும் சரியான நேரத்தில்தான் எடுப்பார்.

இன்னொரு தலைவலி, கமாண்ட் லைனிலிருந்து வருவது எல்லாமே வெறும் எழுத்து. அதை நோடின் பாராமீட்டராக (அமைப்பு மதிப்பாக) கொடுக்கும்போது, யாமல் என்ற அமைப்பு-ஃபைல் வடிவத்தின் முறையில் படித்து ரோஸ் வகையை ஊகித்துக்கொள்கிறது. 'ஸ்பீட்:=1' என்றால் முழு எண். நோடு தசம எண் கேட்டிருந்தால் வகை பொருந்தவில்லை என்று செத்துவிழும். 1.0 என்று அடிப்பதை எங்கள் கைக்குப் பழக்கிக்கொண்டோம்.

பைத்தானில் எழுதுகிறோம் என்ற தைரியத்தில் ஆர்க்யுமென்டின் மதிப்பைக் குறிக்கும் லாஞ்ச்கான்ஃபிகரேஷனை நேராக இஃப்-க்குள் போட்டால் அங்கேயும் அடிதான். கையில் இருப்பது டோக்கன், பொருள் கவுண்டரில் பிறகுதான் கிடைக்கும். டோக்கன் எப்போதும் 'ட்ரூ'தான், ஃபால்ஸ் என்று கொடுத்தாலும் இஃப் உள்ளே நுழைந்துவிடும். ஓர் அம்சத்தைப் போடு, போடாதே என்ற அளவுக்கு லாஞ்சே தரும் இஃப்கண்டிஷன் போதும். மதிப்பை வைத்துக் கணக்குப் போட வேண்டுமானால் ஓப்பேக்ஃபங்ஷன், அதாவது மதிப்பு கையில் கிடைத்த பிறகு ஓடும் நம் சொந்தப் பைத்தான் ஃபங்ஷன். பெயர் பயமுறுத்தும், வேலை எளிது.

புதிதாக வருபவர்களிடம் முதலில் '--ஷோ-ஆர்க்ஸ்' அடிக்கச் சொல்வேன். என்னென்ன கொடுக்கலாம், டிஃபால்ட் என்ன என்று காட்டிவிடும், டிக்ளேர் செய்யும்போது விளக்கம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து. அங்கேயே சாய்ஸஸ் (அனுமதிக்கும் மதிப்புகளின் பட்டியல்) கொடுத்துவிட்டால் தப்பான மதிப்பை லாஞ்சே தடுத்துவிடும்.

தப்பான பெயருக்குத்தான் நாங்களே வழி செய்ய வேண்டியிருந்தது. ஓப்பேக்ஃபங்ஷனுக்குள் பத்து வரி: வந்த பெயர்களை எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டு, தெரியாத பெயர் இருந்தால் உடனே நிறுத்து. அதைப் போட்ட வாரமே மாட்டியது நான்தான், அதே அடிக்கோடு.