ஆழமான கீறலும் டச்-அப் பெயின்டும்: இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு

எங்கள் ஸ்விஃப்ட் சில்கி சில்வர் நிறம். பார்க்கிங்கில் எவரோ பைக்கின் பிரேக் லீவரால் பின்கதவில் ஒரு ஜாண் நீளத்துக்கு இழுத்துவிட்டுப் போயிருந்தார். பட்டறையில் கேட்டால் கதவு முழுக்க அடிக்கணும் என்றார்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் (நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பங்கு) சேர்ந்திருந்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாமல் இருந்ததற்கான தள்ளுபடி, போய்விடும். அதனால் கீறலில் மட்டும் வைக்கிற டச்-அப் பெயின்ட் சின்ன பாட்டிலில் வாங்கி நானே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்தாயிற்று.

கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். தட்டாமல் வழுக்கினால் நிறத்துக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சோடு நின்றிருக்கிறது, தேய்த்து மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்ட் பசை போதும். எனக்கு நகம் மாட்டியது. உள்ளே ப்ரைமரின் (நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு) சாம்பல் நிறம், ஒரு இடத்தில் வெறும் தகரம். இதையும் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். க்ளியர் கோட்டின் கனமே 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. ஆன்லைனில் விற்கும் 'ஸ்க்ராட்ச் பேனா' பெரும்பாலும் நிறமில்லாத திரவம், ப்ரைமர் தெரியும் கீறலில் அதனால் பயனில்லை.

பெயின்டை, அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் குறியீட்டை (கலர் கோட்) பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில்கி சில்வருக்கு இசட்2எஸ். பழைய வாக்ஸ் போக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தகரம் தெரிந்த இடத்தில் மட்டும் ப்ரைமர் வைத்தேன். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன். அதைத் தொடவே இல்லை. பல்குத்தும் குச்சி நுனியில் சொட்டாக எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டால் தானாக ஓடி நிரம்பும். காய்ந்ததும் உள்வாங்கும், மறுபடி வைக்கணும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. கடைசியில் க்ளியர் கோட் வைத்து, நன்றாக இறுகவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (ரொம்ப நைசான உப்புத்தாள்) மேட்டை மட்டும் சமன் செய்து காம்பவுண்ட் போட்டேன்.

இன்றைய நிலை: சென்னைக் கடல்காற்றிலும் துரு வரவில்லை. என் கணக்கில் அதுதான் பெரிய லாபம். நிழலில் கீறல் தெரியாது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது கொஞ்சம் கறுத்த கோடாகத் தெரியும். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஸ்ப்ரேயில் படுத்துக்கொள்கிற மாதிரி குச்சியில் படுக்காது, அதனால் வெளிச்சம் வேறு மாதிரி திரும்புகிறது. சாதா வெள்ளைக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கதவின் விளிம்பை ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்தது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்த வேலை. இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வரும்போது தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிடுகிறேன்.

பானெட் நடுவில் இப்படிக் கீறல் விழுந்தால் நான் பட்டறைக்கே போவேன். கண் நேராகப் படுகிற இடம். பிளாஸ்டிக் பம்பர் என்றால் துருப் பயம் கிடையாது, அவசரமும் இல்லை. வாங்கும்போது சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள். என்னிடம் மிஞ்சியது ஒரு கோடையிலேயே கெட்டியாகிவிட்டது.