வாசலில் மூன்று வருடம்: டபிள்யூஎம்8960 கோடெக் சிப்புடன் என் அனுபவம்

எங்கள் வீட்டுக் கேட்டுக்கும் நடைக்கும் நடுவே நீளமான சந்து. பால்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்காது. பட்டனை அழுத்திப் பேச ஒரு பெட்டி செய்து மாட்டினேன். உள்ளே வை-ஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப், ஒரு 18650 லித்தியம் செல், 8 ஓம் ஸ்பீக்கர், அப்புறம் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கோடெக்கான டபிள்யூஎம்8960 சிப் உள்ள சின்ன போர்டு. மூன்று வருடமாக ஓடுகிறது. முதல் இரண்டு வாரம் மட்டும் ஒரு முனகல்கூட வரவில்லை.

எடின்பரோவின் உல்ஃப்சன் நிறுவனம் வடிவமைத்த சிப் இது. 2014ல் உல்ஃப்சனை சிரஸ் லாஜிக் வாங்கிவிட்டது. மைக் ஆம்ப்ளிஃபயர், ஒலியை எண்ணாக்கும் ஏடிசி, எண்ணை ஒலியாக்கும் டிஏசி, ஹெட்போன் வெளியீடு, ஸ்பீக்கருக்கு மின்சாரத்தை வீணாக்காத கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே சிப்பில். தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்பதால்தான் இதை எடுத்தேன். ஈஎஸ்பி32வுக்கும் இதற்கும் நடுவே ஒலித் தரவு ஐ2எஸ் என்ற கம்பி இணைப்பு வழியாகப் போய் வரும், கட்டளைகள் ஐ2சி என்ற இன்னொன்று வழியாக.

அந்த ஐ2சியில்தான் முதல் அடி வாங்கினேன். சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட சின்ன அறைகள்தான் ரெஜிஸ்டர்கள். வழக்கமாக ரெஜிஸ்டர் எண் ஒரு பைட், மதிப்பு ஒரு பைட். இதில் ரெஜிஸ்டர் எண்ணுக்கு 7 பிட், மதிப்புக்கு 9 பிட். எண்ணை இரண்டால் பெருக்கி, மதிப்பின் ஒன்பதாவது பிட்டை அதோடு கூட்டி முதல் பைட்டாக அனுப்ப வேண்டும். ரெஜிஸ்டர் 25 என்றால் முதல் பைட் 50 அல்லது 51. நான் வெறும் 25 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். சிப் மறுக்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கவும் வழியில்லை. இதன் ரெஜிஸ்டர்களில் எழுத மட்டும்தான் முடியும். அதனால் எழுதிய ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நகலை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஈஎஸ்பி32 ஆழ்தூக்கத்துக்குப் போனால் சாதாரண நினைவகம் அழிந்துவிடும், ஆகவே அந்த நகலைத் தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைத்தேன்.

அதைச் சரிசெய்த பிறகும் சத்தம் இல்லை. மின்சாரம் கொடுத்ததும் இந்தச் சிப்பில் எல்லா வாசலும் சாத்தியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. டிஏசிக்கு மின்சாரம் தரவேண்டும், ரெஜிஸ்டர் 5ல் அதன் ஊமை நிலையை நீக்க வேண்டும், 34லும் 37லும் டிஏசியை, ஒலிகளைக் கலந்து வெளியே அனுப்பும் மிக்சரோடு இணைக்க வேண்டும், 47ல் மிக்சரை எழுப்ப வேண்டும், 49ல் கிளாஸ்-டியைத் திறக்க வேண்டும். ஒன்று விட்டால் மொத்தமும் மௌனம். வால்யூம் எண்ணை எழுதினால் மட்டும் போதாது, கூடவே அதை அமலாக்கும் பிட்டையும் 1 ஆக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கடிகாரக் கணக்கு பயமுறுத்தும், ஆனால் ஒருமுறை போட்டால் போதும். போர்டில் கடிகாரத் துடிப்பு தருவது 24 மெகாஹெர்ட்ஸ் படிகம். ஒலிக்கு நமக்கு வேண்டிய துடிப்பு 12.288 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பிலிருந்து இன்னொன்றை உண்டாக்கும் பிஎல்எல் சுற்று உள்ளே 90 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடினால்தான் நிலையாக இருக்கும் என்பதால் எட்டு மடங்கு, அதாவது 98.304 மெகாஹெர்ட்ஸ் எடுக்கிறோம். 24ஐப் பாதியாக்கி 12, 98.304ஐ அதால் வகுத்தால் 8.192. முழு எண் 8, மிச்சம் 0.192ஐ 24 பிட் பின்னமாக எழுதினால் 3221225. 12.288ஐ வைத்து வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், எடுக்கலாம். பேச்சுக்கு அது வீண், மூன்றால் வகுத்து 16ல் ஓட்டுகிறேன்.

குறைந்த மின்சாரம் என்ற பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சிப் தானாக எதையும் மிச்சம் பிடிக்காது, எந்தப் பகுதியை எப்போது அணைப்பது என்பது நம் வேலை. இதில் எனக்கு அதிகம் தலைவலி தந்தது விமிட் என்ற நடு மின்னழுத்தம். ஒலி மேலும் கீழும் ஆட நடுவே ஒரு மின்னழுத்தம் வேண்டும், 3.3 வோல்ட்டில் பாதி. இரண்டு மின்தடைகள் அதை உண்டாக்கி ஒரு கெப்பாசிட்டரை நிரப்புகின்றன. இயங்கும்போது 50 கிலோ ஓம் இரண்டு, அதில் 33 மைக்ரோஆம்ப் போகும். காத்திருக்கும்போது 250 கிலோ ஓம் இரண்டு, 6.6 மைக்ரோஆம்ப். முழுதாக அணைத்தால் பூஜ்யம்.

நான் பேராசைப்பட்டு முழுதாக அணைத்தேன். பட்டனை அழுத்தியதும் "டொப்" என்று ஒரு சத்தம், அதோடு வந்தவர் சொன்ன முதல் வார்த்தையும் காணோம். வை-ஃபை இணையும் வரை பேச்சைச் சேமித்து வைக்கலாம், ஆனால் விமிட் நிலைபெறும் வரை சேமிக்க ஒன்றுமே இல்லை. "கொரியர்" என்பது "...யர்" என்று கேட்கும். 250 கிலோ ஓமில் எப்போதும் காத்திருக்க விட்டேன், ஸ்பீக்கரைக் கடைசியில் திறந்தேன். டொப்பும் போனது, வார்த்தையும் திரும்பியது.

மைக்கில் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை முதலில் போட்டிருந்தேன். யாரும் பேசாதபோது தெருவில் போகும் லாரியை அது தூக்கிக் கொடுத்தது. சின்னச் சத்தங்களை அடைக்கும் சத்த வாயிலைச் சேர்த்தும் திருப்தி இல்லை. இப்போது நிலையான 20 டெசிபல் பூஸ்ட்டோடு விட்டுவிட்டேன். மெதுவாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் 1 வாட் என்கிறார்கள். அது 5 வோல்ட் கொடுத்தால். நேராக செல்லிலிருந்து எடுத்தால் அவ்வளவு வராது, சந்துக்கு அதுவே போதும்.

மைக்ரோஆம்ப் கணக்கு பார்த்த எனக்கு செல் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று புரியாமல் ஒருநாள் மீட்டர் வைத்துப் பார்த்தேன். போர்டின் பவர் எல்இடியும் 24 மெகாஹெர்ட்ஸ் படிகமும் இரவு பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எல்இடியை அன்றைக்கே சூட்டுக்கோல் வைத்துப் பிடுங்கினேன். படிகத்தைத் தொடவில்லை. அடுத்த பெட்டியில் அது இல்லாத போர்டாகப் பார்த்து, ஈஎஸ்பி32வுக்குள்ளேயே இருக்கும் ஏபிஎல்எல் என்ற பிஎல்எல்லிலிருந்தே 12.288ஐக் கொடுக்கப் போகிறேன். ஈஎஸ்பி32 தூங்கினால் கடிகாரமும் தூங்கும், மேலே போட்ட பிஎல்எல் கணக்கும் வேண்டாம்.