டெக்கன் 3: ஆடித்தான் திறக்க வேண்டிய வீரர்கள்

1998இல் சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு வந்த டெக்கன் 3 என்னும் சண்டை வீடியோ ஆட்டத்தின் வட்டைப் புதிதாகப் போட்டு இயக்கினால், வீரரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பத்துப் பேர்தான் நிற்பார்கள்: ஜின், ஷியாயூ, ஹ்வோராங், எடி, பால், லா, லேய், கிங், யோஷிமிட்சு, நினா. மற்றவர்கள் வட்டுக்குள்ளேயே இருந்தாலும் அவர்களை நாம்தான் ஆடித் திறக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் சண்டை நுட்பத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள் என்பதால், பூட்டி வைத்த வீரர்களை அது எப்படிக் கையில் கொடுக்கிறது என்பதை மட்டும் இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன்; என் கணிப்பில் இதன் பின் வந்த சண்டை ஆட்டங்கள் பலவும் சறுக்கிய இடம் அதுதான்.

விதி எளிமையானது. கணினி ஆட்டும் எதிராளிகளை ஒருவர்பின் ஒருவராகச் சந்திக்கும் ஆர்கேட் முறையில் ஒரு வீரரை எடுத்துக் கடைசியில் வரும் ஓகரையும், அவன் உருமாறி எழும் ட்ரூ ஓகரையும் வீழ்த்தினால், அந்த வீரருக்கான முடிவுக் காட்சி ஓடும். அதன் பின் குமா என்னும் கரடி தேர்வுத் திரையில் வந்து சேரும். அடுத்து வேறொரு வீரரைக் கொண்டு முடித்தால் ஜூலியா, இன்னொருவரைக் கொண்டு முடித்தால் கன் ஜாக், அப்புறம் மொகுஜின், அன்னா, பிரையன், ஹெய்ஹாச்சி, ஓகர் என்று வரிசை நீளும். இங்கே கவனிக்க வேண்டியது 'வேறொரு' என்பதைத்தான். ஒரே வீரரை வைத்துக்கொண்டு எத்தனை முறை முடித்தாலும் வரிசை நகராது.

இந்த நிபந்தனையின் அருமை, நெல்லைப் பகுதியின் கேம் சென்டர்களில் ஆடிப் பழகியவர்களுக்கு நன்றாகப் புரியும். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடும் அந்தச் சிறிய அறைகளில் பத்துப் பையன்கள் இருந்தால் எட்டுப் பேர் எடியைத்தான் எடுப்பார்கள். பிரேசிலின் கப்போயிரா முறையில் தலைகீழாகச் சுழன்று உதைக்கும் எடியை ஆட எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எக்ஸ், வட்டம் ஆகிய இரண்டு உதைப் பொத்தான்களையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தாலே எதிராளி திணறிப் போவான். "ஏல, எடிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா!" என்ற சண்டை கேட்காத அறையை நான் பார்த்ததில்லை. தனியாக ஆர்கேட் ஆடும் எடிப் பிரியனுக்கும் குமா கிடைத்துவிடும், ஆனால் ஜூலியா கிடைக்கமாட்டாள். அவள் வேண்டுமென்றால் கிங்கையோ லேயையோ தொட்டுத்தான் ஆக வேண்டும். கிங்கைத் தொட்டால் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குத் தாவும் அவனுடைய தொடர் பிடிகளின் ருசி தெரிந்துவிடும், லேயைத் தொட்டால் தரையில் படுத்தபடியே தாக்க முடியும் என்பது தெரிந்துவிடும். பரிசு காட்டிப் பாடம் சொல்லித்தருவது என்பது இதுதான், ஆனால் ஆட்டம் ஓரிடத்திலும் வாத்தியார் வேடம் போடுவதில்லை.

வரிசையை அமைத்தவர்களின் யோசனை மொகுஜினிடம் வெளிப்படுகிறது. மரக்கட்டையால் ஆன இந்த வீரனுக்குச் சொந்தச் சண்டை முறை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்களில் யாரோ ஒருவருடைய முறையை எடுத்துக்கொள்வான். சுற்று தொடங்கியதும் அவன் நிற்கும் நிலையைப் பார்த்தே இது பாலின் நிலையா, நினாவின் நிலையா என்று அடையாளம் கண்டு ஆட வேண்டும். முதல் நாளே இவன் கையில் கிடைத்திருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். நான்கு பேரைக் கொண்டு முடித்த பிறகு கிடைக்கும்போதோ, அதுவரை கற்றது எவ்வளவு தேறியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வீரனாகிவிடுகிறான்.

குறை இல்லாமல் இல்லை. அமைப்புப் பக்கத்தில் கடினத்தை மிக எளிதாக்கி, ஒரு சண்டைக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டாலும் வீரர்கள் திறந்துவிடுகிறார்கள். பொறுமையற்றவர்களுக்கு ஒரே மாலையில் பாதி வரிசை கைக்கு வந்துவிடும். குட்டி டைனோசரான கோனைப் பெறுவது இனிமையான அனுபவம். கடற்கரைப் பந்தை அடித்து எதிராளியின் பக்கம் தள்ளும் டெக்கன் பால் முறையில் அவனைத் தோற்கடித்தால் போதும்; உருவம் மிகச் சிறியது என்பதால், உயரமாக வீசும் அடிகள் அவன் தலைக்கு மேலே வெறுங்காற்றில் போவதைப் பார்த்து அறையே சிரிக்கும். டாக்டர் பொஸ்கோனோவிச் விஷயம் அப்படியன்று. பக்கவாட்டில் நடந்துகொண்டே வரிசையாக வரும் படைவீரர்களை அடித்து, கீழே கிடக்கும் கோழிக்கறியைத் தின்று தெம்பேற்றிக்கொள்ளும் டெக்கன் ஃபோர்ஸ் முறையைத் திரும்பத் திரும்ப நான்கு முறை முடிக்க வேண்டும். முதல் முறை சுவையாக இருப்பது மூன்றாம் முறைக்குள் சலித்துவிடுகிறது. அத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் டாக்டரோ, நின்று சண்டையிட மாட்டாமல் அடிக்கடி தரையில் விழுந்து கிடக்கும் கிழவர். நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளலாம். உழைப்புக்கு ஏற்ற கூலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திறந்ததைக் காப்பாற்றுவது தனிக் கதை. பிளேஸ்டேஷன் பெட்டிக்குள் சேமிப்பு இடம் கிடையாது. 15 தொகுதிகள் கொண்ட மெமரி கார்டு செருகியிருந்தால்தான் திறந்த வீரர்கள் நிலைப்பார்கள். நான் போய்வந்த அறை ஒன்றில் கார்டு காணாமல் போய்விடும் என்று பயந்து அண்ணாச்சி அதைச் செருகவே மாட்டார். பிற்பகல் முழுவதும் ஆடி பிரையன் வரை கொண்டுவந்த நிலையில் கரண்ட் போனால், திரும்பி வரும்போது அதே பத்துப் பேர்தான் நிற்பார்கள். இதை ஆட்டத்தின் குறையாகச் சொல்வது நியாயமாகாது என்றாலும், எங்கள் பக்கத்தில் ட்ரூ ஓகரைக் கையில் எடுத்து ஆடியவர்கள் அரிதாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2024 ஜனவரியில் வெளியான டெக்கன் 8 தொடக்கத்திலேயே 32 வீரர்களையும் திறந்து வைத்திருக்கிறது. போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் தனிக் கட்டணத்துக்கு வந்த முதல் கூடுதல் வீரர் யார் என்று பார்த்தால், டெக்கன் 3இல் முதல் நாளே இலவசமாக நின்ற அதே எடி. ஆர்கேடை ஏழு பேரைக் கொண்டு முடித்துச் சம்பாதித்த ஹெய்ஹாச்சியும் அந்த ஆண்டிலேயே விலைச்சீட்டோடு வந்து சேர்ந்தார். காசு கொடுத்து வாங்கிய வீரரை ஆடத் தெரியாமல் இணையத்தில் அடி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது, பழைய முறை எதைக் கற்றுக்கொடுத்தது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

இப்போது ஆட விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 டிசம்பரில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் குட்டிப் பெட்டியில் உள்ள 20 ஆட்டங்களில் டெக்கன் 3உம் உண்டு. சேமிப்புத் தொல்லையும் அதில் இல்லை. ஆனால் அதில் வைத்திருப்பது நொடிக்கு 50 முறை திரை மாறும் ஐரோப்பியப் பதிப்பு. 60இல் ஆடிப் பழகிய கைக்கு அடிகள் சற்றுத் தாமதமாக விழுவதுபோல் தோன்றும், எடியின் சுழற்சியில்கூட அந்தத் தொய்வு தெரியும். ஆகவே பழைய சாம்பல் நிறப் பெட்டியே நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்கலாம். விலை பேசும்போது மெமரி கார்டையும் சேர்த்துக் கேட்டு, கடையிலேயே ஒருமுறை ஆர்கேடை முடித்துக் குமாவைத் திறந்து, பெட்டியை அணைத்துப் போட்ட பின்னும் கரடி திரையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.